பொம்மைக்கு ஒரு துவாரம்

விளையாட்டு குழந்தைகளின் பிறப்புரிமை என்பதை மறுப்பார் எவரும் இரார். ஆயினும், கடைவீதியில் விற்கும் பாட்டரிப் பொம்மைகளைக் கையிலெடுத்துப் பார்த்தால், அந்த உரிமை எல்லாக் குழந்தைகளுக்கும் கிட்டவில்லை என்பது விளங்கும். கரடி மேளம் கொட்ட வேண்டுமானால், அதன் பாதத்திலுள்ள சிறு பொத்தானை விரல் நுனியால் அமுக்கியாக வேண்டும். மூளை முடக்குவாதத்தாலோ தசைச் சிதைவு நோயாலோ விரல்கள் வசப்படாத குழந்தைக்கு அக்கரடி அசையாப் பண்டமே. பிறர் இயக்கும்போது அக்குழந்தை பார்த்துக் கொண்டிருக்கலாம். ஆனால் வேடிக்கை பார்ப்பது விளையாட்டு ஆகாது.

இதற்குப் பரிகாரம் எளிது. பொத்தானின் இரு முனைகளிலிருந்தும் இரண்டு கம்பிகளை வெளியே கொணர்ந்து, 3.5 மில்லிமீட்டர் சாக்கெட் ஒன்றைப் பற்றவைத்தால் போதும். ஹெட்போன் செருகுவதற்கு ரேடியோக்களில் இருக்கிறதே, அதே அளவுள்ள துவாரந்தான். உள்ளங்கை அகலமுள்ள ஸ்விட்ச் ஒன்றை அதில் செருகிவிட்டால், கையால் இயலாத குழந்தை முழங்கையாலோ, காலாலோ, தலையைச் சாய்த்தோ பொம்மையை ஆட்டிவைக்கும். தனி ஸ்விட்சைத் தள்ளி ஓடவிடும் பொம்மையாயின், அதைப் பிரிக்கவும் வேண்டுவதில்லை. காப்புத் தகட்டின் இருபுறமும் மெல்லிய செப்புத் தகடு ஒட்டிக் கம்பி இணைத்து, பாட்டரிக்கும் அதைத் தொடும் உலோகத்துக்கும் இடையே நுழைத்துவிட்டால், வெளி ஸ்விட்சை அமுக்கும்போது மட்டும் மின்சாரம் பாயும். அமுக்கிப் பிடிக்க வலுவில்லாத குழந்தைக்கு, ஒருமுறை தொட்டதும் சில விநாடிகள் பொம்மையை ஓடவிடும் கருவியும் உண்டு. இவையெல்லாம் பாட்டரிப் பொம்மைகளுக்கே உரியவை. வீட்டு மின்சாரத்தில் ஓடும் சாமான்களில் இவ்வாறு கைவைப்பது அபாயம்.

பொம்மைக்கு இவ்வளவு பிரமாதமா என்று சிலர் கேட்கக்கூடும். தன் செயலால் உலகில் ஏதோ ஒன்று நிகழ்கிறது என்பதைக் குழந்தை முதன்முதலில் கற்பது விளையாட்டில்தான். உண்பதற்கும் உடுப்பதற்கும் பிறரை எதிர்பார்க்கும் குழந்தைக்கு, தானே ஒரு காரியத்தைச் செய்தோம் என்ற அனுபவம் சாமான்யமானதன்று. இன்று கரடியை ஆட்டப் பழகிய அதே ஸ்விட்சைக் கொண்டு, நாளை கம்ப்யூட்டரில் எழுத்துக்களைத் தேர்ந்தெடுக்கவும், பேசுங் கருவியின் மூலம் தன் எண்ணத்தைச் சொல்லவும் அக்குழந்தை பழகலாம்.

பெரிய கம்பெனிகளும் இதை உணரத் தொடங்கியிருக்கின்றன. 2018-ல் மைக்ரோஸாப்ட் கம்பெனி, தன் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவிக்கென இரண்டு அகன்ற பொத்தான்களும், பின்புறம் வெளி ஸ்விட்சுகளுக்கான 19 சாக்கெட்டுகளும் கொண்ட இயக்கி ஒன்றை வெளியிட்டது. 2023-ல் ஸோனி கம்பெனியும் அவ்வகை இயக்கியைக் கொண்டுவந்தது. இவை பாராட்டத் தக்கவையே. ஆனால் முன்னதன் வெளியீட்டு விலை ஏறக்குறைய 100 டாலர். அதில் செருகும் ஸ்விட்சுகளைத் தனியே வாங்க வேண்டும். பொம்மைகளிலோ, ஒவ்வொன்றையும் பிரித்துக் கையால் மாற்றியமைக்க நேர்வதால், விற்பனைக்கு வரும்போது விலை வெகுவாக ஏறிவிடுகிறது. ஏழைப் பெற்றோர் என் செய்வர்?

மற்றக் குழந்தைகளுக்குச் சமமாக விளையாட்டில் பங்குபெறும் உரிமையை, 2006-ல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மாற்றுத் திறனாளிகள் உரிமை உடன்படிக்கை தெளிவாக வகுத்திருக்கிறது. 2007-ல் நமது தேசம் அதை அங்கீகரித்தது. 2016-ல் சட்டமும் இயற்றியது. 2021 ஜனவரி முதல், பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. பொம்மையின் வர்ணத்தில் விஷமிருக்கலாகாது என்று விதிக்க அதிகாரமுள்ள சர்க்கார், பாட்டரிப் பொம்மைகளில் ஒரு சாக்கெட் இருக்கட்டும் என்று விதிப்பதில் என்ன கஷ்டம்? தொழிற்சாலையிலேயே சேர்த்துவிட்டால், பின்னர் ஒவ்வொன்றாகப் பிரித்து மாற்றும் செலவு இல்லை.

அதுவரையில் நம் இளைஞர்கள் சும்மாயிருக்க வேண்டியதில்லை. கம்பியைப் பற்றவைக்கத் தெரிந்த மாணவர்கள் நமது பொறியியற் கல்லூரிகளிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் ஏராளம். அவர்கள் அருகிலுள்ள சிறப்புப் பள்ளிக்குச் சென்று, எந்தக் குழந்தைக்கு எந்த அவயவம் வசப்படுகிறது என்பதை ஆசிரியரிடம் கேட்டறிந்து, அதற்கேற்பப் பொம்மைகளை மாற்றித் தரலாம். இதை தர்ம கைங்கரியமாகக் கருத வேண்டாம். இக்குழந்தைகளுக்கு நாம் செலுத்த வேண்டிய பாக்கி இது. பொம்மை செய்வோரும், சர்க்காரும், மாணவரும் இப்பாக்கியைத் தீர்க்க உடனே முன்வர வேண்டும்.