தீபக் கொப்பரை முதல் வீட்டுக் குழாய் வரை: உலோகத்தை இணைப்பது எப்படி? எந்த 'பற்று' எதற்குத் தாங்கும்?

கார்த்திகை தீபம் வந்தால் எல்லார் கண்ணும் திருவண்ணாமலை உச்சிக்குப் போய்விடும். 2,668 அடி உயர மலை, ஆயிரக்கணக்கான கிலோ நெய், நாடாவாகச் சுற்றிய காடாத் துணி, அதையெல்லாம் தாங்கும் ஆளுயரச் செம்புக் கொப்பரை. தோளில் சுமந்து மலையேற்றப்படும் இந்தக் கொப்பரை, தொடர்ந்து 11 நாட்கள் நெருப்பைத் தாங்கிவிட்டுக் கீழே இறங்குகிறது.

இதைப் பார்க்கும் ஒரு பிளம்பருக்கோ பாத்திரக் கடைக்காரருக்கோ வேறொரு கேள்வி வரும். செம்புத் தகட்டில் இவ்வளவு பெரிய பாத்திரம் செய்தால் எங்கேயாவது ஓர் இணைப்பு இருக்கத்தானே செய்யும்? நெருப்பில் அந்த இணைப்பு உருகிவிடாதா?

நம் வீட்டுக் குழாய் ஏன் ஒழுகுகிறது என்பதற்கான பதிலும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

பற்றாசு என்றால் என்ன?

இரண்டு உலோகத் துண்டுகளைச் சேர்க்க நம்மூர்க் கொல்லர்களுக்குப் பல காலமாகத் தெரிந்த வழி, அவற்றைவிடக் குறைந்த சூட்டில் உருகும் இன்னொரு உலோகத்தை நடுவில் ஓடவிடுவது. அந்த நடு உலோகத்துக்குத் தமிழில் 'பற்றாசு' என்று பெயர். நகைப் பட்டறையில் அதைப் பொடியாக்கி இணைப்பில் தூவி, ஊதுகுழலால் தீயை ஊதி உருக்குவார்கள். 'பொடி வைத்துப் பேசுகிறார்', 'பொடி வைத்து ஊதுகிறார்' என்று சொல்கிறோமே, அந்தப் பொடிதான் இது.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரலாம். யாப்பில் 'ஆசிடை நேரிசை வெண்பா' என்று ஒரு வகை உண்டு. இரண்டாம் அடியில் தனிச்சொல் ஒட்டாமல் நிற்கும்போது, இடையில் ஓரிரு அசைகளைச் சேர்த்து இணைப்பார்கள். அந்த அசைக்குப் பெயர் ஆசு. கொல்லர் உலோகத்தைப் பற்றவைக்கும் ஆசு போல என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். பட்டறைச் சொல் பாட்டுக்குள் போயிருக்கிறது!

ஈயப் பற்றும் பித்தளைப் பற்றும்: என்ன வித்தியாசம்?

சூடுதான். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும். காரீயம் 327 டிகிரியில் உருகும். இரண்டையும் ஏறக்குறைய 63-க்கு 37 என்ற கணக்கில் கலந்தால் 183 டிகிரியிலேயே உருகிவிடும். கலந்தால் இரண்டையும்விடச் சீக்கிரம் உருகுவது விநோதம்தான். ஈயப் பற்றின் சௌகரியமே அதில்தான் இருக்கிறது. சின்ன அடுப்பு இருந்தால் போதும், வேலை முடிந்துவிடும்.

பித்தளைப் பற்று, அதாவது இன்று 'பிரேசிங்' என்று சொல்வது, 450 டிகிரிக்கு மேல் உருகும் உலோகத்தை வைத்துச் செய்வது. செம்பும் துத்தநாகமும் கலந்த பற்று உருக 850 டிகிரிக்கும் மேலே சூடு வேண்டும். செம்பே 1,085 டிகிரியில் உருகிவிடும். அதனால் பற்று ஓடுவதற்கும் பாத்திரம் பாழாவதற்கும் நடுவில் இருப்பது கொஞ்சம் இடைவெளிதான். செம்பின் நிறம் சிவந்து வருவதைக் கண்ணால் பார்த்தே சூட்டை நிறுத்தத் தெரிந்தவர்தான் அங்கே வேலைக்காரர். அந்த மாதிரி கைகள் இப்போது குறைந்துகொண்டே வருகின்றன.

இரண்டுக்குமே இணைப்பு இடம் சுத்தமாக இருக்கணும். சூடானதும் உலோகத்தின் மேல் ஒரு துரு ஏடு படியும். அது இருந்தால் பற்று உருண்டு விழுந்துவிடும். அதைக் கரைக்கத்தான் பித்தளைப் பற்றுக்கு வெண்காரம், ஈயம் பூச நவச்சாரம். ஏடு நீங்கியதும் உருகிய உலோகம் இடுக்குக்குள் தானே ஏறிவிடும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல. இடுக்கு முடி அளவுக்கு மெல்லியதாக இருந்தால்தான் இது நடக்கும். பெரிய ஓட்டையைப் பற்றாசால் நிரப்பினால் அது நிற்காது.

அப்படியென்றால் கொப்பரைக்கு எது?

வெந்நீர் போடும் பழைய செம்பு பாய்லர் ஞாபகம் இருக்கிறதா? நடுவில் குழல், அதற்குள் கரியும் கொட்டாங்கச்சியும், சுற்றிலும் தண்ணீர், கீழே ஒரு பித்தளைக் குழாய். அந்தக் குழாயை ஈயப் பற்றால் ஒட்டியிருந்தாலும் பிரச்சினை இல்லை. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை செம்பின் சூடு 100 டிகிரியை அதிகம் தாண்டாது. பற்று உருக 183 டிகிரி வேண்டும். ஆனால் தண்ணீர் ஊற்றாமல் பற்றவைத்தால் சில நிமிடங்களில் இணைப்பு விட்டுப்போகும். 'காலி பாய்லரைப் பத்த வைக்காதே' என்று பாட்டிமார் கத்தியதற்குக் காரணம் இதுதான்.

நெய் தீபத்தில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. நெய்யின் சூடு தண்ணீரைப் போல 100 டிகிரியில் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். சுமார் 250 டிகிரியில்தான் புகையவே தொடங்கும், எரியும்போது இன்னும் அதிகம். அதற்குள் ஈயப் பற்று எப்போதோ உருகியிருக்கும். அதனால்தான் நெருப்பைத் தாங்க வேண்டிய பெரிய செம்புப் பாத்திரங்களில் தகடுகளை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி ரிவிட் அடிப்பார்கள், அல்லது பித்தளைப் பற்று வைப்பார்கள். ரிவிட்டில் உருகுவதற்கு நடு உலோகம் என்று எதுவுமே இல்லை.

குழாய் வேலையில் ஈயம் எங்கே வந்தது?

ஆங்கிலத்தின் 'பிளம்பர்' என்ற சொல்லே காரீயத்துக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். ரோமானியர்கள் ஈயக் குழாயில் தண்ணீர் கொண்டுபோனார்கள்.

நம்மிடம் ஈயம் வேறு வழியில் வந்தது. வெள்ளையர் காலத்து ஊர்களில் பூமிக்கடியில் போட்டது வார்ப்பிரும்புக் குழாய்கள். சென்னை கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் 1914-ல் வந்தது. அந்தக் காலத்து வார்ப்பிரும்புக் குழாய்கள் நூறு ஆண்டுக்கு மேல் உழைத்தன. ஒரு குழாயின் வாயை இன்னொன்றின் அகன்ற வாய்க்குள் நுழைத்து, சணல் கயிற்றை அடித்து இறுக்கி, களிமண் வளையம் கட்டி, மேலே உருக்கிய காரீயத்தை ஒரே மூச்சில் ஊற்றுவார்கள். ஆறும்போது ஈயம் சுருங்கும். அதனால் உளியும் சுத்தியலும் வைத்துச் சுற்றிலும் அடித்து மறுபடி இறுக்கணும். இந்த அடி சரியில்லை என்றால் அந்த இணைப்பு என்றைக்கும் கசியும்.

உயிருக்கே ஆபத்தான இடமும் இதில் உண்டு. குழிக்குள் ஈரம் இருந்தால், 327 டிகிரிக்கு மேல் இருக்கும் ஈயம் பட்டதும் தண்ணீர் நொடியில் ஆவியாகி உருகிய உலோகத்தை முகத்தில் அடிக்கும். மழைநாளில் ஈய ஜாயின்ட் போட மாட்டேன் என்று பழைய மேஸ்திரி சொன்னால் அது பயமில்லை, அனுபவம்.

ஜிஐ பைப்பும் மரையும்

வீடுகளுக்குள் வந்தது துத்தநாகம் பூசிய இரும்பு, அதாவது ஜிஐ பைப். இதில் பற்றவைப்பே கிடையாது, எல்லாம் மரைதான். பைப்பை வைஸில் பிடித்து, டை செட்டைச் சுற்றி, எண்ணெய் விட்டு மரை வெட்டுவார்கள். அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் பைப்புக்கு ஓர் இஞ்சுக்கு 14 மரை, ஒரு இஞ்ச் பைப்புக்கு 11 மரை. மரை கொஞ்சம் சரிவாக இருப்பதால் சுற்றச் சுற்ற இறுகும். அரை இஞ்ச் பைப்பின் வெளி அளவு 21 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். டேப் வைத்து அளந்துவிட்டு 'கடைக்காரர் மாத்திக் கொடுத்துட்டார்' என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

மரை வெட்டும்போது மேலே இருக்கும் துத்தநாகப் பூச்சும் போய்விடும். வெறும் இரும்பு வெளியே வரும். பழைய வீடுகளில் பைப் நடுவில் நன்றாக இருந்து, ஜாயின்ட்டில் மட்டும் துரு பிடித்து ஒழுகுவது இதனால்தான். அதை மறைக்கத்தான் மரையில் சணல் சுற்றி வெள்ளை பூசினார்கள். அந்தக் கால வெள்ளை, காரீயம் கலந்தது. இன்று டெஃப்லான் டேப் வந்துவிட்டதால் குடிநீர் லைனில் அந்தப் பழைய வெள்ளைக்கு வேலையே இல்லை.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. செம்பு பைப்பை நேராக ஜிஐ பைப்போடு இணைத்தால், தண்ணீர் நடுவில் இருக்கும்போது இரண்டும் பேட்டரி போல வேலை செய்து இரும்பு பக்கம் வேகமாக அரிக்கும். தண்ணீர் செம்பிலிருந்து ஜிஐ-க்குப் போனால் இன்னும் மோசம்.

பைப்பை வளைப்பது அவ்வளவு கஷ்டமா?

சும்மா வளைத்தால் பைப் நசுங்கும். வெளிப்பக்கம் இழுபட்டு மெலியும், உள்பக்கம் சுருங்கி மடியும். இதைத் தடுக்கப் பழைய வழி மணல். செம்பு பைப்பில் காய்ந்த பொடி மணலைத் தட்டித் தட்டி நிரப்பி, இரண்டு முனையிலும் மரக்கட்டை அடைத்து, வளைக்க வேண்டிய இடத்தைச் செவக்கக் காய்ச்சி மெதுவாக வளைப்பார்கள். மணலில் ஈரம் இருந்தால் அதே ஆவி ஆபத்துதான், அடைத்த கட்டை துப்பாக்கிக் குண்டு மாதிரி பறக்கும். ஏசி மெக்கானிக் பயன்படுத்தும் ஸ்பிரிங், மணல் செய்த அதே வேலையைத்தான் செய்கிறது.

ஜிஐ பைப்பைக் காய்ச்சி வளைப்பது கூடவே கூடாது. துத்தநாகம் 419 டிகிரியில் உருகி, மேலும் சூடேறினால் புகையாகும். அந்தப் புகையைச் சுவாசித்தவருக்குச் சாயங்காலம் குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் சரியாகும் என்று பட்டறைகளில் சொல்வதுண்டு. உண்மையில் புகையைச் சுவாசிக்காமல் இருப்பதுதான் ஒரே தடுப்பு. ஜிஐ-யைப் பச்சையாகவே பெண்டிங் மெஷினில் வளைக்கலாம். பைப்பின் நீள வெல்டிங் கோடு வளைவின் வெளியிலும் உள்ளிலும் வராமல் பக்கவாட்டில் இருக்கும்படி திருப்பி வைக்கணும். இல்லையென்றால் கோடு பிளந்துவிடும்.

எல்போ இருக்கும்போது எதற்கு வளைக்கணும் என்று கேட்கலாம். ஒவ்வொரு எல்போவும் இரண்டு ஜாயின்ட், அதாவது ஒழுகுவதற்கு இரண்டு வாய்ப்பு. தண்ணீரும் முட்டித் திரும்புவதால் வேகம் குறையும். மாடித் தொட்டி ஷவருக்குப் பத்தடி மேலே இருந்தால் கிடைக்கும் அழுத்தமே சதுர சென்டிமீட்டருக்கு 0.3 கிலோதான். அதில் ஏழெட்டு எல்போ போட்டால் ஷவரில் சொட்டுதான் வரும்.

குடிநீரில் காரீயம்: எவ்வளவு வரை பரவாயில்லை?

இந்தியக் குடிநீர்த் தரநிலையில் உச்ச வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பதால், பாதுகாப்பான அளவு என்று ஒன்றே கிடையாது என்பது மருத்துவ நிலைப்பாடு. குடிநீர்க் குழாயில் காரீயம் கலந்த பற்றை அமெரிக்கா 1986-லேயே தடை செய்தது. இந்தியாவில் பிவிசி பைப் தயாரிப்பில் சேர்க்கும் காரீயத்தைக் கட்டுப்படுத்தும் விதிகள் 2021-ல் வந்தன.

அடுப்படியிலும் இதே கேள்வி உண்டு. பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும், ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் வெள்ளீயமாக இருக்கணும். விலை குறைவு என்று காரீயம் கலந்தால் புளி அதைக் கரைத்து ரசத்தில் இறக்கிவிடும். சுத்த வெள்ளீயக் கம்பியை வளைத்தால் 'கிரீச்' என்று மெல்லிய சத்தம் வரும். காரீயத்தில் அந்தச் சத்தம் வராது; அது வெள்ளைத் தாளில் தேய்த்தால் கறுப்புக் கோடு போடும். சந்தேகம் இருந்தால் ஆய்வகப் பரிசோதனைதான் உறுதி.

இந்த வேலைக்கு இனி மவுசு இருக்கா?

வீட்டுத் தண்ணீர் லைனில் இல்லை. சிபிவிசி வந்து, சால்வென்ட் தடவி ஒட்டினால் வேலை முடிந்தது. ஆனால் செம்புப் பற்று வேறு இடத்துக்குப் போயிருக்கிறது. ஏசி லைன் முழுக்க அதுதான். ஆஸ்பத்திரி ஆக்சிஜன் லைனும் செம்புக் குழாயில் பிரேசிங் செய்ததுதான். 2021 கொரோனா இரண்டாம் அலையில் நாடு முழுக்க அவசரமாக ஆக்சிஜன் ஆலைகள் அமைத்தபோது இந்த வேலை தெரிந்தவர்களைத் தேட வேண்டியிருந்தது. அங்கே பற்றவைக்கும்போது குழாய்க்குள் நைட்ரஜனை ஓடவிடணும். விடாவிட்டால் உள்ளே கருஞ்செதில் படிந்து, பிறகு பெயர்ந்து வால்வை அடைக்கும்.

ஐடிஐ-யில் பிளம்பர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. ஒடிசாவின் கேந்திரபாரா மாவட்டம் பிளம்பர்களுக்காகவே இந்தியா முழுக்கப் பெயர் பெற்றது. அங்கே ஒருவர் கைவேலையைப் பார்த்து இன்னொருவர் கற்றுத்தான் ஊரே இந்தத் தொழிலுக்கு வந்தது.

வீட்டில் ஜிஐ பைப் மாற்றப் போகிறீர்கள் என்றால் பைப் மேல் இருக்கும் வண்ணப் பட்டையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் மெல்லியது, நீலம் நடுத்தரம், சிவப்பு தடித்தது. மரை வெட்டியபின் மிச்சமிருக்கும் கனம்தான் குழாயின் ஆயுள் என்பதால், குடிநீர் லைனுக்கு மஞ்சள் பட்டையை வாங்காமல் இருப்பது நல்லது. பழைய ஜிஐ லைனில் காலையில் முதலில் வரும் தண்ணீர் இரவெல்லாம் குழாயில் நின்றது. அதைச் சமையலுக்குப் பிடிக்காமல், ஒரு வாளி பிடித்துச் செடிக்கு ஊற்றிவிடலாம்.