டிம்மரைத் திருகினால் எல்இடி பல்பு ஏன் துடிக்கிறது?

குண்டு பல்பு இருந்தவரை டிம்மர் சொன்னபடி கேட்டது. அதே இடத்தில் எல்இடி மாட்டியதும் வெளிச்சம் துடிக்கிறது. ஏன்?

டிம்மர் மின்சாரத்தை ஒரே சீராகக் குறைப்பதில்லை, துண்டாக வெட்டுகிறது. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று, அதாவது 100 அரையலைகள். ஒவ்வொன்றின் முன்பகுதியையும் தடுத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் விடுகிறது.

நொடிக்கு 100 முறை அணைந்து எரிந்தும் குண்டு பல்பு ஏன் துடிக்கவில்லை? அதன் இழை தோசைக்கல் மாதிரி. அடுப்பைச் சட்டென்று அணைத்து ஏற்றினால் கல்லின் சூடு இறங்கிவிடுமா என்ன?

எல்இடியில் அப்படிச் சூட்டைப் பிடித்து வைக்கும் இழை இல்லை. மின்சாரம் நின்ற கணமே ஒளியும் நிற்கும். அதனால்தான் பல்பின் அடிப்பகுதியில் டிரைவர் என்ற சிறு மின்சுற்று உட்கார்ந்து, சீராக மின்சாரம் ஊட்டுகிறது. வெட்டுப்பட்ட அலை வந்தால், சாதாரண டிரைவர் அதை வெளிச்சத்தைக் குறைக்கும் கட்டளையாக எடுத்துக்கொள்வதில்லை. குறையை ஈடுகட்டப் பார்த்துத் தடுமாறுகிறது.

இன்னொரு சிக்கலைப் பலரும் கவனிப்பதில்லை. 60 வாட் குண்டு பல்பு இருந்த இடத்தில் இப்போது 9 வாட் எல்இடி. பழைய டிம்மருக்குள் இருக்கும் ட்ரையாக் என்ற மின்கதவு, ஓரளவு மின்னோட்டம் இருந்தால்தான் திறந்தே நிற்கும். போதாவிட்டால் பாதியிலேயே மூடிக்கொள்ளும்.

ஆகவே அட்டைப்பெட்டியில் ‘டிம்மபிள்’ என்று போட்ட பல்பையே கேட்டு வாங்குங்கள். அப்போதும் துடித்தால் டிம்மரை மாற்றுங்கள்: அலையின் பின்பகுதியை வெட்டும், எல்இடிக்கென்றே வரும் வகை கிடைக்கிறது.