தொட்டி முதல் உருளை வரை: எரிபொருள் செல்லும் வழி

சிங்கப்பூரில் பதிவுபெற்ற கார் உட்லண்ட்ஸ் வழியாகவோ துவாஸ் வழியாகவோ மலேசியாவுக்குச் செல்லும்போது, அதன் எரிபொருள் தொட்டி முக்கால் பங்கேனும் நிறைந்திருக்க வேண்டும் என்பது சட்டம். 1989-இல் அரைத்தொட்டி என்று தொடங்கிய இவ்விதி, 1991 முதல் முக்கால் தொட்டியாயிற்று. எல்லைக்கு அப்பால் மலிவாகக் கிடைக்கும் பெட்ரோலால் இங்குள்ள எரிபொருள் வரி பயனற்றுப் போகலாகாது என்பதே இதன் நோக்கம். சட்டம் நம்பியிருப்பது ஓட்டுநரின் முன்னுள்ள ஒரு சிறு முள்ளை. அம்முள் எவ்வாறு அசைகிறது என்பதிலிருந்து நம் ஆய்வைத் தொடங்குவோம்.

தொட்டிக்குள் ஒரு மிதவை உள்ளது. எரிபொருள் குறையக் குறைய மிதவை தாழ்கிறது. அதனோடு இணைந்த கம்பி ஒரு மின்தடையின் மீது நகர்கிறது. தடை மாறினால் மின்னோட்டமும் மாறும். அம்மாற்றமே முள்ளின் அசைவாக நமக்குத் தெரிகிறது.

இக்காலப் பெட்ரோல் கார்களில் மின்சாரத்தால் இயங்கும் எக்கியும் தொட்டிக்குள்ளேயே அமிழ்ந்திருக்கிறது. சூழ்ந்துள்ள எரிபொருளே அதைக் குளிர்விக்கிறது. எனவே தொட்டியை அடிக்கடி வற்றவிட்டு ஓட்டுவது எக்கிக்குத் தீங்கு. நம் வெப்பத்தில் பெட்ரோல் எளிதில் ஆவியாகும். அவ்வாவி வெளியேறாதபடி, கரி நிரம்பிய ஒரு கலம் அதை உறிஞ்சி வைத்து, பின்னர் இயந்திரத்துக்கே எரிக்க அனுப்புகிறது.

எக்கி அனுப்பும் எரிபொருள் வடிகட்டியைக் கடந்து உட்செலுத்தியை அடைகிறது. பட்டறைகளில் ‘இன்ஜெக்டர்’ எனப்படுவது இதுவே. மின்காந்தம் இதன் ஊசியை ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரமே திறக்கிறது. அந்நேரத்தில் எரிபொருள் நுண்துளிகளாகப் பீய்ச்சப்படுகிறது. துளைகள் மிகச் சிறியவை. கண்ணுக்குப் புலப்படாத தூசியும் அவற்றை அடைக்கும். வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றுவதன் காரணம் இதுவே.

முன்பு இப்பணியைக் கார்புரேட்டர் செய்தது. காற்று குறுகிய வழியில் விரைந்து செல்லும்போது அங்கு அழுத்தம் குறையும். அக்குறைவு பெட்ரோலைத் தானே இழுத்துக்கொள்ளும். எளிமையான அமைப்புதான். ஆயினும், எரிந்தபின் விளைந்தது என்ன என்பதை அறிந்து தன்னைத் திருத்திக்கொள்ள அதனால் இயலாது. இன்றைய இயந்திரத்திலோ, புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் உணரி மிச்சமுள்ள ஆக்சிஜனை அளந்து கணினிக்குச் சொல்கிறது. கணினி அதற்கேற்ப உட்செலுத்தி திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது.

இத்துணை நுட்பம் எதற்கு? ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிய, எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. புகைக்குழாயிலுள்ள வினையூக்கி மாற்றி, கார்பன் மோனாக்சைடையும் எரியாத எரிபொருளையும் ஆக்சிஜனோடு சேர்க்க வேண்டும். நைட்ரஜன் ஆக்சைடுகளிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கவும் வேண்டும். எதிரெதிரான இவ்விரு பணிகளும் ஒருங்கே நடப்பது அந்த அளவையொட்டித்தான். பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தால் அது வினையூக்கியின் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்யும். மனித மூளைக்கும் அது நஞ்சு. சிங்கப்பூர் 1998-இல் ஈயம் கலந்த பெட்ரோலை முற்றிலும் கைவிட்டது.

டீசல் இயந்திரத்தின் இயல்பு வேறு. அதில் தீப்பொறி இல்லை. உருளைக்குள் அழுத்தப்பட்டுக் கொதிக்கும் காற்றில் டீசல் பீய்ச்சப்பட்டதும் தானே பற்றிக்கொள்கிறது. துளி பெரிதானால் உட்பகுதிக்குப் போதிய காற்று கிட்டாது, அது கரும்புகையாகும். ஆகவே இக்காலத்து டீசல் அமைப்புகள் சில, காற்றழுத்தத்தைப்போல் 2000 மடங்கு அழுத்தத்தில் துளியை நுண்மையாக்குகின்றன. தேக்கா சந்தைக்குக் காய்கறி கொண்டுவரும் லாரியின் உட்செலுத்தி பழுதுபட்டால், சிராங்கூன் சாலை நடைபாதையில் நடப்போரின் மூச்சு அதை உணரும். புதிய டீசல் வாகனங்களுக்கு 2018 முதல் யூரோ 6 தரம் கட்டாயமானதன் பொருள் இங்கே விளங்கும்.

2025 முதல் புதிய டீசல் கார்களுக்கும் டாக்சிகளுக்கும் இங்குப் பதிவு இல்லை. 2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார்கள் யாவும் தூய்மையான எரிசக்தியில் இயங்குபவையாக இருக்க வேண்டும். 2040-க்குள் எல்லா வாகனங்களும் அவ்வாறே இயங்க வேண்டும் என்பது நாட்டின் இலக்கு. மறையப்போகும் பொறியை ஏன் கற்க வேண்டும் என்று மாணவர் வினவலாம். அளத்தல், உணர்தல், திருத்துதல் என்னும் முறை மின்வாகனத்தின் மின்கலத்துக்கும் உரியது. மேலும் எக்கி, உணரி, வடிகட்டி, உட்செலுத்தி ஆகிய சொற்கள் தாம் செய்யும் தொழிலையே பெயராகக் கொண்டவை. பெயரைக் கேட்டதும் செயல் விளங்குவதால், மாணவர் இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

ஆசிரியர்கள் வகுப்பில் ஒரு பயிற்சி தரலாம். வீட்டில் வாகனம் ஓட்டும் பெரியவர் ஒருவரிடம் மாணவர் கேட்டறிந்து, தொட்டி முதல் உருளை வரையிலான வழியை வரைந்து, ஒவ்வோர் உறுப்புக்கும் தமிழ்ப்பெயர் எழுதி வரட்டும். அப்பெரியவர் வழங்கும் பட்டறைச் சொல்லையும் அதன் பக்கத்தில் குறித்துக்கொள்ளட்டும். இரண்டும் நமக்கு வேண்டும்.