பழைய பைப்புக்கு ஏற்றபடி சிங் அலுமாரி

வீடு திருத்தத் தொடங்கியதும் குசினியில் ஒரு சிங், அதன் கீழே ஓர் அலுமாரி வேண்டும் என்று பல குடும்பங்கள் எங்களிடம் சொல்கின்றன. நியாயமான ஆசைதான். ஆண்டுக்கணக்காகத் தறப்பாளின் கீழ் குந்தியிருந்து பாத்திரம் கழுவியவர்களுக்கு, நின்றுகொண்டு கழுவுவதே பெரிய ஆறுதல். ஆனால் அலுமாரியை வாங்கிவந்த பிறகு சுவரைப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். நாங்கள் சென்ற ஒரு வீட்டில், புதிய அலுமாரியின் நடுத்தட்டுக்கு நேரே பழைய கழிவுநீர்ப் பைப் நீட்டிக்கொண்டிருந்தது. பைப்பை மாற்றச் சுவரை உடைத்தார்கள். கதவுக்கென வைத்திருந்த காசு அதற்கே போய்விட்டது.

ஆகவே முதலில் பைப், பிறகுதான் அலுமாரி.

பல ஆண்டுகள் பாவிக்காத பைப்பை நம்ப வேண்டாம். உள்ளே மண்ணோ மரவேரோ அடைத்திருக்கலாம். நாலைந்து வாளி தண்ணீரை ஊற்றி, அது வெளியே எங்கே வருகிறது என்று போய்ப் பாருங்கள். தண்ணீர் வரும் பைப்பின் வாயை மூடி, தாங்கியை நிரப்பி, ஓர் இரவு விடுங்கள். காலையில் சுவர் ஈரமாக இருந்தால் கசிவு உண்டு. அலுமாரி வைப்பதற்கு முன்னரே அதைத் திருத்திவிடுங்கள்.

வெளியே பைப் புதைந்து போயிருந்தால், உடனே மண்வெட்டியை எடுக்காதீர்கள். உங்கள் காணி கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் கேளுங்கள். ஒப்படைத்த காணியிலும் அடையாளம் தெரியாத பொருள் எதையாவது கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, அறிவியுங்கள். பிள்ளைகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

இனி அளவு. நிலத்திலிருந்து பைப்பின் நடுப்பகுதி வரை ஓர் அளவு, பக்கச் சுவரிலிருந்து நடுப்பகுதி வரை இன்னோர் அளவு. நிவாரணப் பொருள் வந்த காட்போட் பெட்டி ஒன்றை விரித்து, அலுமாரியின் முதுகளவுக்கு வெட்டி, பைப் வரும் இடத்தில் துளையிட்டுச் சுவரில் பிடித்துப் பாருங்கள். மட்டை பிழைத்தால் இன்னொரு மட்டை இருக்கிறது. பலகை பிழைத்தால் காசு. பைப்பின் பருமனைவிட அரை அங்குலம் கூடுதலாகத் துளை இருக்கட்டும். பைப்பில் வளைவு ஏற்கெனவே ஒட்டியிருந்தால் வட்டத் துளைக்குள் அது நுழையாது. பலகையின் கீழ் விளிம்பிலிருந்து மேல்நோக்கி ஒரு வாய் வெட்டினால் அலுமாரியை அப்படியே உயர்த்தி இறக்கலாம்.

எங்களைக் கேட்டால், முதுகுப் பலகையே வேண்டாம். சுவர் கண்ணுக்குத் தெரிந்தால் கசிவும் கறையானும் உடனே தெரியும். மரத்தூள் அழுத்திச் செய்த பலகை மலிவுதான், ஆனால் ஈரம் பட்டால் ஊதிவிடும். இரண்டு பக்கமும் சீமெந்துக் கல் அடுக்கி, மேலே கொங்கிறீற் தட்டு வைத்து, முன்னுக்கு மட்டும் மரக்கதவு போடுவது நீண்ட காலம் நிற்கும்.

சிங்கின் கீழே உள்ள வளைந்த பைப்பை நேராக்க வேண்டாம். அந்த வளைவில் தேங்கும் தண்ணீர்தான் நாற்றத்தையும் கரப்பானையும் தடுக்கிறது. அதைக் கழற்றிக் கழுவக் கை போகும் அளவுக்கு இடம் விடுங்கள். அந்த இடத்தில் தட்டு அடிக்க வேண்டாம்.

எல்லாம் பூட்டிய பின் கீழே பழைய பத்திரிகைத் தாளை விரியுங்கள். சிங்கை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். தாளில் ஒரு துளி ஈரம் தெரிந்தாலும் அந்த மூட்டைக் கழற்றி மீண்டும் பூட்டுங்கள்.