குன்றிழந்தோர்: உள்நாட்டுப் போரும் அகதி வாழ்வும் நூல்வழி அறிதல்

பறம்பு மலையை முற்றுகையிட்ட மூவேந்தரால் வேள் பாரி மாண்டபின், அவன் மகளிர் இருவரும் கபிலரின் துணையோடு ஊர்விட்டு ஊர் சென்றனர் என்பது தமிழ் கற்றோர் யாவரும் அறிந்த செய்தி. அம்மகளிர் பாடியதாகப் புறநானூற்றில் 112ஆம் செய்யுளாக அமைந்துள்ள பாட்டு ஐந்தே அடிகளை உடையது. அதிற் போர்க்கள வருணனை இல்லை. மாண்டோர் தொகை இல்லை. நீண்ட புலம்பலும் இல்லை. ஒரு முழுநிலா நாளுக்கும் அடுத்த முழுநிலா நாளுக்கும் இடையே தந்தையும் குன்றும் இல்லாமற்போன செய்தியை மாத்திரம் அது கூறுகின்றது. அரசியல் வரலாறு பறம்பின் வீழ்ச்சியை ஒரு வெற்றியாகவோ தோல்வியாகவோ எழுதும். இலக்கியம் அவ்வீழ்ச்சியை ஒரு வீட்டாரின் இழப்பாக எழுதி வைத்தது. ஈராயிரம் ஆண்டுகள் கழிந்த பின்னரும் அவ்விழப்பு விளங்குவதற்குக் காரணம் இதுவே.

மாத்தளை மாவட்டத்து எல்கடுவயும் ஒரு குன்றூர். நக்கிள்ஸ் மலைத்தொடரை அடுத்துள்ள அவ்வூரின் சரிவுகளிலே தேயிலைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. 1975இல் அரசுடைமையான தோட்டங்களின் முகாமை 1992இற் பிரதேசக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபோது, அக்கம்பனிகளுள் ஒன்று இவ்வூரின் பெயரையே பூண்டது. இத்தகைய தோட்டங்களில் வாழும் தமிழரின் முன்னோர், கோப்பி பயிரிடப்பட்ட காலத்திலே தமிழகத்திலிருந்து தோணியில் மன்னார்க் கரையை அடைந்து, காட்டு வழியே கால்நடையாக மாத்தளைக்கு வந்து, அங்கிருந்து மலைகளில் ஏறியவராவர். வழியிலே பசியாலும் நோயாலும் மாண்டோர் பலர். அவர்தம் வழித்தோன்றல்களுட் சிலர் பின்னர் நாடற்றவராயினர்; சிலர் கடல் கடந்து அனுப்பப்பட்டனர்; சிலர் சொந்த நாட்டினுள்ளேயே அகதிகளாயினர். 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போருக்குப் பின்னர்ப் பிறந்த பிள்ளைகள் இன்று உயர்தர வகுப்புகளை எட்டிவிட்டனர். அவர்களுக்கு இவையெல்லாம் பாட்டி சொன்ன கதைகளாகவும், மேடையிற் கேட்ட முழக்கங்களாகவுமே எஞ்சியுள்ளன. கதை மறக்கப்படும், முழக்கம் சிந்தனையை மூடிவிடும். இவ்விரண்டிற்கும் இடையே உண்மையை நிலைநிறுத்த வல்லது நூற்பயிற்சி ஒன்றேயாம்.

நூல்களை அணுகுமுன் சொற்களின் பொருளை வரையறுத்துக்கொள்ளல் வேண்டும். ஒரு நாட்டின் எல்லைக்குள்ளே அரசும் அதனை எதிர்க்கும் படையும், அல்லது இரு சாராரின் படைகள், தம்முட் பொருதுவது உள்நாட்டுப் போர். இனப்படுகொலை அதனின் வேறு. அச்சொல்லுக்கு நேரான ஆங்கிலச் சொல்லை ஆக்கியவர் போலந்து நாட்டு யூத சட்ட அறிஞரான இரபேல் லெம்கின். 1944இல் வெளிவந்த தம் நூலில் அவர் அச்சொல்லை முதன்முதலாக வழங்கினார். 1948 டிசெம்பர் 9ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை அதற்குச் சட்டப் பொருள் வகுத்தது. ஓர் தேசிய, இன, குல, அல்லது சமயக் குழுவை, அக்குழு என்ற காரணத்தாலேயே, முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கத்தோடு செய்யப்படும் செயல்களே இனப்படுகொலையாம். கொல்லுதல் மாத்திரமன்றி, அழிவை விளைக்கும் வாழ்க்கை நிலைமைகளைச் சுமத்துதல், பிறப்பைத் தடுத்தல், பிள்ளைகளை வேறு குழுவினரிடம் வலிந்து மாற்றுதல் முதலியனவும் அதனுள் அடங்கும். இறந்தோர் தொகையினும் செய்தோர் நோக்கமே இங்கு முதன்மை பெறுகின்றது. 1950இல் இலங்கையும் இவ்வுடன்படிக்கையிற் சேர்ந்தது.

அகதி என்னும் சொல்லுக்கும் 1951ஆம் ஆண்டு உடன்படிக்கை இலக்கணம் வகுத்தது. இனம், சமயம், தேசியம், சமூகக் குழு, அரசியற் கருத்து என்பவற்றுள் ஒன்றன் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் எனத் தக்க அச்சங்கொண்டு, தன் நாட்டு எல்லைக்கு வெளியே நிற்பவனே அகதி. இந்தியாவும் இலங்கையும் இவ்வுடன்படிக்கையிற் கைச்சாத்திடவில்லை. எல்லையைக் கடவாது, சொந்த நாட்டிலேயே வீடிழந்து அலைபவன் இவ்விலக்கணத்துள் அடங்கான். மாத்தளை சோமு தம் நாவல் ஒன்றுக்கு ‘எல்லை தாண்டா அகதிகள்’ எனப் பெயரிட்டார். சட்டம் காணாது விட்ட மனிதரை அத்தலைப்பின் மூன்று சொற்கள் காட்டிவிடுகின்றன.

மலையகத் தமிழரின் நிலையோ இவ்விலக்கணங்கள் யாவற்றுக்கும் புறம்பாக நின்றது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். மறு ஆண்டிலேயே 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறி, 1948 நவம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. தந்தையோ, அவனுக்கு முந்திய தலைமுறையினரோ இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது அச்சட்டம். லயத்திற் பிறந்து லயத்தில் மாண்டவரிடம் அத்தகைய பத்திரம் ஏது? ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்கள் நாடற்றோராயினர். அடுத்து வாக்குரிமையும் பறிபோயிற்று. அச்சட்டம் நடைமுறைக்கு வந்து இருபத்தைந்து நாட்களின் பின்னர், டிசெம்பர் 10ஆம் நாள், மனித உரிமைகளின் உலகப் பிரகடனம் பாரிசு நகரிலே வெளியாயிற்று. ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டினத்துக்கு உரியவராய் இருக்கும் உரிமை உண்டு என்பது அப்பிரகடனத்தின் 15ஆம் உறுப்புரை. இவ்விரு பத்திரங்களையும் அருகருகே வைத்துப் படிப்பவன், நாடற்ற நிலை என்பது வானிலிருந்து விழுந்த விதியன்று, மனிதர் மேசையிலிருந்து எழுதிய எழுத்து என்பதனை உணர்வான்.

1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 9,75,000 மக்களைப் பங்கிட்டது. இந்தியாவுக்கு 5,25,000 பேர். இலங்கைக்கு 3,00,000 பேர். எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974இல் முடிவாயிற்று. அம்மக்களின் விருப்பம் கேட்கப்படாமலே தொகை வகுக்கப்பட்டது. மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு இவர்களை ஏற்றிச் சென்ற புகைவண்டியை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று அழைத்தனர். சாவீட்டிற் பாடும் பாட்டு நிலையத்து மேடையிலே பாடப்பட்டமையால் வந்த பெயர் அது. கடலின் அக்கரையில் மண்டபம் முகாம் அவர்களை எதிர்கொண்டது. இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளரைத் தடுத்து வைத்து நோய் சோதிப்பதற்கென முற்காலத்தில் அமைக்கப்பட்ட இடம் அதுவேயாகும். பாட்டன் எந்த வாயில் வழியாக வெளிச்சென்றானோ அவ்வாயில் வழியாகவே பேரன் மீண்டான். 1983இன் பின்னர்ப் போருக்கு அஞ்சி வந்த அகதிகளும் அங்கேயே ஒதுங்கினர்.

இலங்கையிலே தங்கியோரும் அமைதி கண்டாரல்லர். 1977 ஓகஸ்டில் எழுந்த வன்செயல் தோட்டப் பகுதிகளையும் தாக்கிற்று. உடைமை இழந்த குடும்பங்கள் பல வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளுக்குச் சென்று காடு திருத்திக் குடியேறின. 1983 யூலையில் கொழும்பிலே மூண்ட தீ கண்டி, மாத்தளை, பதுளை ஆகிய நகரங்களுக்கும் பரவியது. மேலும் பலர் வடக்கு நோக்கிச் சென்றனர். இங்ஙனம் புகலிடந் தேடிச் சென்றவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் 2009ஆம் ஆண்டில் வன்னிப் போரின் இறுதிக் கட்டத்தில் அகப்பட்டனர். பின்னர் மெனிக் பாம் முகாமின் முள்வேலிக்குள் வைக்கப்பட்டோருள்ளும் அவர்கள் இருந்தனர். எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறிற்று.

இவ்வரலாற்றை அறியத் துணைபுரியும் நூல்கள் மூவகைப்படும். முதலாவது வகை பத்திரங்களும் அறிக்கைகளும். சட்டம், ஒப்பந்தம், ஆணைக்குழு அறிக்கை, கண்டறிந்து எழுதிய செய்தியாளரின் நூல் என்பன இதனுள் அடங்கும். 1958ஆம் ஆண்டுக் கலவரத்தைப் பற்றிச் சிங்களப் பத்திரிகையாளரான தாசி விட்டாச்சி எழுதிய நூல் இலங்கையில் தடைசெய்யப்பட்டது. தம் இனத்தவர் செய்த பிழையைத் தாமே எழுதும் துணிவுக்கு அது சான்று. 2011இல் வெளிவந்த ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு அறிக்கையும் இவ்வகையினதே. போரின் இறுதி மாதங்களில் 40,000 வரையிலான பொதுமக்கள் மாண்டிருக்கலாம் என்று கூறிய அவ்வறிக்கை, அரசுப் படையினர், விடுதலைப் புலிகள் ஆகிய இரு சாராரின் மீதும் நம்பத்தக்க குற்றச்சாட்டுகள் உள்ளன என்றது. நடந்தது இனப்படுகொலையே என 2015இல் வட மாகாண சபை தீர்மானம் நிறைவேற்றியது. இலங்கை அரசு அதனை மறுத்துவருகின்றது. சட்டப் பொருளை அறிந்த மாணவனே இவ்வழக்கின் இரு பக்கத்தையும் எடைபோட வல்லவன்.

இரண்டாவது வகை, பட்டவர் தாமே கூறிய சான்றுரை. ஆன் பிராங் என்னும் சிறுமியின் நாட்குறிப்பும், இத்தாலிய இரசாயன அறிஞர் பிரிமோ லெவி தம் சிறைமுகாம் வாழ்வைக் கூறிய நூலும் 1947ஆம் ஆண்டிலேயே வெளிவந்தன. லெவியின் நூலைப் பெரிய பதிப்பகம் ஒன்று ஏற்க மறுத்தமையால் ஒரு சிறு பதிப்பகம் 2,500 படிகள் அச்சிட்டது; 1958இல் மறுபதிப்பான பின்னரே அது பரவலாக வாசிக்கப்பட்டது. சான்று கூறுவோன் இருந்தால் மாத்திரம் போதாது, கேட்போனும் வேண்டும் என்பது இதனாற் புலனாகும். தோட்டத்து முதியோரின் நினைவுகளுட் பல இன்னும் எழுதப்படாமலே அவர்களோடு மறைந்துகொண்டிருக்கின்றன.

மூன்றாவது வகை புனைகதை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தின் கொடுமையைப் புதுமைப்பித்தன் 1935இல் ‘துன்பக்கேணி’ என்னும் கதையிற் காட்டினார். 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை, உரிமை இழந்த தம் மக்களைப் பற்றி ‘வீடற்றவன்’ முதலிய நூல்களை எழுதினார். கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ ஒப்பந்தம் கைச்சாத்தான 1964ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. 1977இன் வன்செயலுக்குத் தப்பிக் கொழும்பிலிருந்து வடக்கே கப்பலிற் சென்றோரை அருளர் ‘லங்கா ராணி’யிற் சித்திரித்தார். அறிக்கை 5,25,000 என்று கூறும். அத்தொகையுள் ஒருத்தி எந்தப் பாத்திரத்தை எடுத்துச் செல்வது, எதனை விட்டுச் செல்வது என்று கலங்கி நின்றதைக் கூறாது. அதனைக் கூறுவது கதை. ஆயின், கதையில் வரும் நிகழ்ச்சிக்கு ஆண்டும் அளவும் தேடி அறிக்கையிடம் மீளுதல் வேண்டும். மூவகை நூலையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் படிப்பதே நெறியான வாசிப்பு.

தன்னினத்தார் துயரை மாத்திரம் படிப்பவனுக்கு அறிவு அரைவாசியே வாய்க்கும். ஆர்மீனியர் கொல்லப்பட்ட வரலாற்றைப் பொருளாகக் கொண்டு பிரான்சு வேர்பல் 1933இல் எழுதிய நாவலை, சில ஆண்டுகளின் பின்னர் நாசிகளாற் சேரிகளில் அடைக்கப்பட்ட யூதர் கைக்குக் கை மாற்றிப் படித்தனர். மற்றோர் இனத்தின் கதை அவர்களுக்குத் தம் நிலையை விளக்கியது. இவ்வொளியிலே இலங்கைத் தமிழ் வாசகன் 1990 ஒக்டோபரையும் நோக்கக் கடமைப்பட்டவன். அம்மாதத்தில் வடமாகாணத்து முஸ்லிம்கள் யாவரும் விடுதலைப் புலிகளால் நாட்கணக்கில் வெளியேற்றப்பட்டனர். எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட அம்மக்களும் குன்றிழந்தோரே. மாத்தளை நகரிலேயே 2012ஆம் ஆண்டில் வைத்தியசாலை வளவைத் தோண்டியபோது நூற்றைம்பதுக்கு மேற்பட்டோரின் எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவை எக்காலத்தவை என்பதில் ஆய்வாளர் முரண்பட்டனர். 1980களின் இறுதியில் நிகழ்ந்த கிளர்ச்சிக் காலத்திற் காணாமற்போன தம் பிள்ளைகள் அவர்களாய் இருக்கலாம் என்று சிங்களத் தாய்மார் அங்கு வந்து காத்து நின்றனர். முல்லைத்தீவிலே படம் ஏந்தி நிற்கும் தமிழ்த் தாயும், மாத்தளையிற் குழியருகே நின்ற சிங்களத் தாயும் ஒருவரையொருவர் அறியார். இருவரையும் அறியும் வாய்ப்பு வாசகனுக்கே உண்டு.

வாசிப்பின் எல்லையையும் மறத்தலாகாது. அகதியின் கதையைப் படித்தவன் அகதியாகிவிடான். கண்ணீர் சிந்தியதால் கடன் தீர்ந்துவிடாது. படித்தவன் செய்யத்தக்கவை சில உள. ஊரிலுள்ள முதியோரிடம் கேட்டு, நாளும் இடமும் குறித்து எழுதி வைத்தல் ஒன்று. பாடசாலை நூலகத்திலே மூவினத்தார் எழுதிய நூல்களும் ஒரே தட்டில் இடம்பெறச் செய்தல் மற்றொன்று. 1981 யூன் முதலாம் நாள் விடியுமுன் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. நூலை எரித்தோர் அதன் ஆற்றலை அறிந்திருந்தனர். நூலைத் திறவாது வைத்திருப்போர் அதனை அறிந்திலர்.

எல்கடுவ மலையில் மாலையிலே கொழுந்து நிறுத்து முடிந்து, பெண்கள் வெறுங்கூடையோடு லயத்துக்கு மீளும் வேளையில், வகுப்பு நூலை விரிக்கும் ஒரு பிள்ளை பாரிமகளிர் பாட்டைப் படிக்கக்கூடும். அக்குன்று எது என்று ஆசிரியர் வினவினால், பறம்பு என்பது தேர்வுக்குரிய விடை. தன் பாட்டி கோச்சியில் ஏறாது தங்கிய கதையையும், பாட்டியின் தங்கை ஏறிச் சென்ற கதையையும் அறிந்த பிள்ளை, யன்னலுக்கு வெளியே உள்ள மலையையும் ஒருமுறை நோக்கும். அந்நோக்கினைப் பிள்ளைக்கு அளிப்பதே கல்வியின் கடமையாகும்.