கேபிள் ஒப்பந்தமும் எழுதி வைக்காத முறைப்பாடும்

பிரதேச சபை வாராந்தச் சந்தையைக் குத்தகைக்கு விட்டால், தொகை எவ்வளவு, யாருக்குக் கிடைத்தது என்பதுதான் ஊரில் பேசப்படும். கூரை ஒழுகினால் திருத்துவது யார், குப்பையை அகற்றுவது யார் என்று ஒப்பந்தத்தைக் கேட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. ஐக்கிய அமெரிக்காவின் நகர சபைகள் கேபிள் தொலைக்காட்சி நிறுவனங்களுடன் பேரம் பேசும் முறையை வாசித்தபோது, எமது இந்தக் குறைதான் நினைவுக்கு வந்தது.

அங்கு ஒரு நிறுவனம் கேபிள் சேவை வழங்க வேண்டுமானால் வீதிக்கு அடியிலோ கம்பங்களிலோ வயர் இழுக்க வேண்டும். வீதி பொதுச் சொத்து. ஆகவே அதனைப் பாவிப்பதற்கு ‘பிரான்சைஸ்’ எனப்படும் உரிம ஒப்பந்தம் அவசியம். டெக்சாஸ் 2005இலும் கலிபோர்னியா 2006இலும் இந்த அதிகாரத்தை மாநில மட்டத்துக்கு எடுத்துக்கொண்டன. வேறு பல இடங்களில் இன்றும் நகர சபையே நிறுவனத்துடன் பேசுகின்றது. பேச்சின் எல்லைகளை 1984ஆம் ஆண்டின் கேபிள் சட்டம் வகுத்துள்ளது.

முதலாவது விடயம் பணம். கேபிள் சேவையின் மொத்த வருமானத்தில் ஆகக்கூடியது 5 வீதத்தையே சபை கட்டணமாகக் கேட்கலாம். 100 டொலர் வருமானத்தில் 5 டொலர். அதனையும் நிறுவனம் மாதாந்தப் பில்லில் தனியாகக் காட்டி பாவனையாளரிடமே அறவிடலாம். அதே வயரில் வரும் இணையச் சேவையின் வருமானம் இந்தக் கணக்கில் சேராது. மக்கள் கேபிளை விட்டு இணையத்துக்கு மாற மாற, சபையின் பங்கும் சுருங்குகின்றது.

இரண்டாவது விடயம் பணத்தை விடப் பெறுமதியானது. பொதுமக்கள், கல்வி நிறுவனங்கள், உள்ளூராட்சி மன்றம் ஆகியோருக்கான அலைவரிசைகளை ஒதுக்குமாறு சபை கேட்கலாம். சபைக் கூட்டம் வீட்டுத் திரையில் தெரிவதும், சாதாரண மனிதர் தனது நிகழ்ச்சியை ஒளிபரப்புவதும் இதனால்தான். வறியவர்கள் வாழும் பகுதி என்பதற்காகச் சேவை மறுக்கப்படாதிருப்பதை உறுதிசெய்வதும் சபையின் கடமை.

இந்தச் சலுகைகளிலும் இழுபறி உண்டு. பாடசாலைகளுக்கு வழங்கும் இலவச இணைப்பு போன்றவற்றையும் சந்தை விலையில் மதிப்பிட்டு 5 வீதத்துக்குள் கழிக்கலாம் என 2019இல் சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழு தீர்மானித்தது. நகரங்கள் வழக்குத் தொடுத்தன. கழிக்கலாம், ஆனால் சந்தை விலையில் அல்ல, நிறுவனத்துக்கு உண்மையில் ஏற்படும் மேலதிகச் செலவின்படியே கழிக்க வேண்டும் என 2021இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியது.

மூன்றாவது விடயம் புதுப்பித்தல். ஒப்பந்தம் முடிவதற்கு 3 வருடங்களுக்கு முன்னரே இதற்கான சட்டபூர்வ நடைமுறை தொடங்கலாம். ஊரின் எதிர்காலத் தேவை என்ன, நிறுவனம் இதுவரை எப்படி நடந்துகொண்டது என்பவை மக்களின் பங்களிப்புடன் ஆராயப்படும். நிறுவனம் இந்த நடைமுறையைக் கோரியிருந்தால், சபை நினைத்தபடி அதனைப் புறந்தள்ள முடியாது. சட்டம் கூறும் காரணங்கள் நிரூபிக்கப்பட வேண்டும்.

இங்குதான் முக்கியமான பாடம் இருக்கின்றது. நிறுவனம் ஒப்பந்தத்தை மீறியது என்று சபை கூறினால் மட்டும் போதாது. அந்த மீறலை உரிய நேரத்தில் அறிவித்து, திருத்திக்கொள்ள அவகாசமும் கொடுத்திருக்க வேண்டும். தெரிந்தும் பேசாதிருந்த குறையைக் காட்டி, பிறகு புதுப்பிக்க மறுக்க முடியாது. 10 வருடங்கள் தேநீர்க் கடையில் திட்டித் தீர்த்த குறைகள் மேசைக்கு வரும்போது பெறுமதியற்றுப் போகின்றன. எழுத்தில் கொடுத்த ஒரேயொரு முறைப்பாடு அங்கு பேசும்.

குடியியற் கல்வி வகுப்பில் உள்ளூராட்சி பற்றிக் கற்பிக்கும் நாம், வாக்களிப்பதோடு பாடத்தை முடித்துவிடுகிறோம். எமது சட்டங்கள் வேறு. கேபிளும் இங்கு சபைகளின் பேரப் பொருளல்ல. ஆனால் சந்தையும் கடைத்தொகுதியும் எமது பொதுச் சொத்துகள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் குத்தகை ஒப்பந்தத்தின் பிரதியைக் கோரி விண்ணப்பிக்க எந்தவொரு பிரஜைக்கும் உரிமை உண்டு. அடுத்த குத்தகைக்கு முன்னர் ஊருக்கு ஒருவராவது அதனை வாசித்து, குறைகளைத் திகதியிட்டு எழுத்தில் கொடுப்போம். பிரதியொன்றைக் கையில் வைத்துக்கொள்ளவும் மறக்க வேண்டாம்.