சுவருக்கும் வில்லங்கம் பாருங்கள்

பணி ஓய்வுக்குப் பிறகு கடலோரத்தில் ஒரு வீடு வேண்டும் என்ற ஆசை கோவைக்காரர்கள் பலருக்கு உண்டு. புதுச்சேரியின் பழைய தெரு ஒன்றில், இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டிய வீடு விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டால் உடனே கிளம்பிவிடுவோம். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் வக்கீலிடம் காட்டுவோம். சுவரையும் கூரையையும் மட்டும் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டு அச்சாரம் கொடுத்துவிடுவோம். கொங்குச் சீமையில் வீடு கட்டிப் பழகியவர்களுக்குக் கடலோரச் சுவரின் நோய் எளிதில் பிடிபடாது. நாம் வாழும் காற்றில் அந்த நோய்க்கான உப்பு இல்லை.

கோவை கடல் மட்டத்துக்குச் சுமார் 411 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியாக அரபிக்கடல் காற்று இங்கே வந்தாலும், அது கொண்டுவருவது குளிர்ச்சியையும் ஈரத்தையும்தான்; கடலின் உப்பு கரையோரத்திலேயே பெரும்பாலும் தங்கிவிடுகிறது. அலை உடையும்போது நுரைக் குமிழிகள் வெடித்து, உப்புநீர்த் துளிகளைக் காற்றில் தெறிக்கவிடுகின்றன. பெரிய துளிகள் கரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே விழுந்துவிடுகின்றன. உள்நாட்டை நோக்கிப் போகப் போக உப்பின் அளவு வேகமாகக் குறைகிறது. அதனால் கடலிலிருந்து ஐம்பது மீட்டரில் இருக்கும் வீட்டுக்கும் இரண்டு கிலோமீட்டரில் இருக்கும் வீட்டுக்கும் ஆயுளில் பெரிய வித்தியாசம் வரும்.

சமையல் உப்புக்கு இன்னொரு குணமும் உண்டு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், அது காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். கடலோரத்தில் அந்த ஈரப்பதம் அடிக்கடி வரும். ஆகவே மழையே பெய்யாத நாளிலும் சுவரில் படிந்த உப்பு உப்புநீராக மாறி உள்ளே இறங்குகிறது.

கம்பி உள்ள வீடு

கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி சாதாரணமாகத் துருப்பிடிப்பதில்லை. சிமென்ட் நீரோடு சேர்ந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. அதனால் உள்ளே காரத்தன்மை பிஎச் 12.5-க்கு மேல் நிற்கிறது. அந்தக் காரத்தில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி இரும்பைக் காக்கிறது.

உப்பிலுள்ள குளோரைடு நுண்துளைகள் வழியே மெல்ல ஊடுருவி ஒருநாள் கம்பியைத் தொடுகிறது. படலம் அங்கங்கே உடைகிறது. உடைந்த இடம் ஒரு மின்முனை, உடையாத இடம் இன்னொரு மின்முனை. நடுவிலுள்ள ஈரம் மின்கடத்தி. இப்படிக் கம்பியே ஒரு மின்கலமாகிவிடுகிறது. இரும்பு கரைந்து உருவாகும் துரு, கரைந்த இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கிறது. பாறைக்குழியில் ஆப்பு வைத்துக் கல்லைப் பிளப்பதுபோல அந்தத் துரு கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. கம்பி ஓடும் திசையிலேயே நீளமாக விரிசல் விழும். பிறகு கான்கிரீட் காரை பெயர்ந்து கீழே விழும்.

இந்திய கான்கிரீட் விதித்தொகுப்பான ஐ.எஸ். 456 இதற்காகவே கம்பிக்கு மேல் இருக்க வேண்டிய கான்கிரீட் போர்வையின் கனத்தைச் சூழலுக்குத் தக்கபடி வகுத்திருக்கிறது. பாதிப்பு மிகக் குறைந்த சூழலுக்கு 20 மில்லிமீட்டர் போதும். கடலோரக் காற்றில் நேரடியாக நிற்கும் கான்கிரீட்டுக்கு 45 மில்லிமீட்டர் வேண்டும். கலவையும் குறைந்தது எம்-30 தரத்தில் இருக்க வேண்டும். உள்நாட்டுப் பழக்கத்தில் கடலோரத்திலும் 20 மில்லிமீட்டர் வைத்துக் கட்டினால், உப்பு கம்பியைச் சென்றடையும் தூரம் பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது.

கடற்காற்றின் வலிமைக்குப் பாம்பனே சாட்சி. 1914-ல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தில் துரு அரிப்பு முற்றியதால் 2022 டிசம்பரில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் பூச்சும் பயன்படுத்தப்பட்டுள்ளன. காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், கம்பிக்குப் பூசும் சிமென்ட்-பாலிமர் பூச்சு உள்ளிட்ட பாதுகாப்பு முறைகளை உருவாக்கியிருக்கிறது. புதிதாகக் கட்டுவோருக்கு இவை உதவும். கட்டி முடித்த வீட்டை வாங்குபவர், கம்பி இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதைத்தான் அறிய வேண்டும்.

கம்பி இல்லாத வீடு

புதுச்சேரியின் பழைய வீடுகள் பலவும் செங்கல்லும் சுண்ணாம்பும் மரமும் கொண்டு கட்டியவை. மரவிட்டங்களின் மேல் சிறிய செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் பதித்த மெட்ராஸ் டெரஸ் கூரையில் கம்பியே கிடையாது. வைசியாள் வீதியில் திண்ணையும் தாழ்வாரமுமாகத் தொடர்ந்து நிற்கும் வீடுகளின் புனரமைப்புக்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது.

இங்கே உப்பு வேறு வழியில் வேலை செய்கிறது. தரையிலிருந்து ஏறும் ஈரம் உப்பைச் சுமந்துகொண்டு சுவரின் மேற்பரப்புக்கு வந்து உலர்கிறது. நுண்துளைக்குள் படிகம் வளர்ந்து அழுத்துகிறது, அடுத்த ஈரத்தில் கரைகிறது, மறுபடி வளர்கிறது. ஆண்டுக்கணக்கில் இது நடக்கும்போது செங்கல் பொடியாக உதிர்கிறது.

சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். உப்பு அந்தப் பூச்சிலேயே பூத்து உதிரும். பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசினால் செங்கல் தப்பிக்கும். மாறாக, சுவரின் மேல் சிமென்ட் பூசி பிளாஸ்டிக் பெயின்டும் அடித்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டு இன்னும் உயரத்துக்கு ஏறும். படிகம் செங்கல்லுக்குள்ளேயே வளரும். விற்பனைக்காக அவசரமாகப் பூசிப் பளபளப்பாக்கிய பழைய சுவரை இதனால்தான் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். சுக்கான் கல் சுண்ணாம்பில் கட்டிய பழைய வீடுகள் நம் கொங்கு ஊர்களிலும் உண்டு. மதுக்கரையில் 1934-ல் சிமென்ட் ஆலை வந்த பிறகு சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துபோனார்கள். பழைய வீட்டை வாங்குபவர் அப்படி ஒருவரை முதலில் தேடிவைத்துக்கொள்வது நல்லது.

ஒட்டுச் சுவரின் நன்மையும் பொறுப்பும்

1888-ல் முதல் நூற்பாலை வந்ததிலிருந்து வளர்ந்த கோவைக்கு, வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகள் புதிதல்ல. வரிசையின் நடுவில் இருக்கும் வீட்டுக்குப் பக்கச் சுவர்களில் வெயிலும் மழையும் படாது. கடலோரத்தில் உப்புக்காற்றும் படாது. அடிபடுவது முன்புறம், பின்புறம், மொட்டை மாடி ஆகிய மூன்றும்தான். சன்ஷேடு, பால்கனி, கைப்பிடிச் சுவர் ஆகியவற்றில்தான் சேதம் பெரும்பாலும் முதலில் தெரியும். ஆனால் ஒட்டுச் சுவரும் பொதுத் தூணும் இருவருக்குச் சொந்தம். பக்கத்து மாடியில் தேங்கும் நீர் உங்கள் சுவரில் இறங்கும். அந்த வீட்டை இடித்தால் இதுவரை மறைந்திருந்த சுவர் கடற்காற்றுக்குத் திறந்துகொள்ளும். ஆகவே பக்கத்து வீட்டு மாடியையும் ஏறிப் பாருங்கள்.

கான்கிரீட் வீடென்றால் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துச் செல்லுங்கள். சிறு சுத்தியலால் தட்டினாலே பிரிந்த காரை வெற்றொலி தரும். துளையிட்டெடுத்த தூளில் குளோரைடின் அளவைக் கணக்கிடலாம். கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும் அரைமின்கலச் சோதனையில் அளவு மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே போனால், அந்த இடத்தில் கம்பி அரிக்கப்பட்டுக்கொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு உண்டு. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருக்கும் இடம் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தில் வரக்கூடும் என்பதால், இடித்துக் கட்ட அனுமதி கிடைக்குமா என்பதையும் முன்பே விசாரியுங்கள்.

இந்தச் சோதனைகளுக்கு ஆகும் செலவு வீட்டு விலையில் மிகச் சிறிய பங்கு. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டும் முன் அதைச் செய்துவிடுங்கள். விற்பவர் சோதனைக்குச் சம்மதிக்கவில்லை என்றால் அச்சாரம் கொடுக்காமல் ஊர் திரும்புங்கள்.